பனிக்காலப் பறவைகள்: குளத்தங்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குளத்தங்கரையில் நின்றால் போதும், யாராவது வந்து ஏதாவது கேட்பார்கள். ஆடு மேய்க்கிறவர், மீன் ஏலம் எடுத்தவர், கல்லூரிப் பிள்ளைகள், சில நேரம் போலீஸ்காரர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குளங்களைச் சுற்றுகிறவன் நான். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவை. உங்கள் ஊரில் குளத்தை ஏரி என்றோ கண்மாய் என்றோ சொன்னால் அப்படியே மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் குளிரே கிடையாது. அப்புறம் என்ன பனிக்காலப் பறவை?

குளிர் அவை கிளம்பும் இடத்தில். சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் திபெத்திலும் ஏரி உறைந்துவிட்டால் வாத்துக்குத் தீனி இல்லை, பூச்சி மறைந்துவிட்டால் கதிர்க்குருவிக்குத் தீனி இல்லை. வயிற்றுப்பாட்டுக்காகத் தெற்கே வருகின்றன. இதைத்தான் வலசை என்கிறோம்.

எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்குவதில்லை. சேற்றில் புழு தேடும் உள்ளான்கள் ஆகஸ்டு கடைசியிலேயே உப்பளங்களில் தலைகாட்டும். செப்டம்பரில் மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்காரும். ஆறுமணிக்குருவியும் பழுப்புக் கீச்சானும் வந்துவிட்டால் அக்டோபர் என்று அர்த்தம். வாத்துகள் நிதானமாக நவம்பர், டிசம்பரில் வரும். மார்ச், ஏப்ரலில் கூட்டம் கலையும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் சரணாலயத்திலும் வேடந்தாங்கலிலும் மரம் முழுக்கக் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாவற்றையும் 'வெளிநாட்டுப் பறவைகள் வருகை' என்று ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். அவை நம் துணைக்கண்டத்துப் பறவைகள்தான். தண்ணீர் பார்த்து இடம் மாறுகின்றன, அவ்வளவே. குளிருக்கு ஒதுங்கி வடக்கிலிருந்து வருகிறவை இங்கே கூடு கட்டுவதில்லை. குஞ்சு பொரிப்பதெல்லாம் அங்கே போய்த்தான்.

இதற்காகச் சரணாலயத்துக்குப் போக வேண்டுமா?

போனால் நல்லதுதான். கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்தைப் பார்ப்பதற்காகவே சென்னையிலிருந்து வருகிறார்கள். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை, ஒன்றின் கீழ் ஒன்றாக. இமயமலையைத் தாண்டி வந்த பறவை, வெயிலில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு தூங்கும். பகலில் தண்ணீரோரம் ஓய்வு, இருட்டினால் வயல்களில் மேய்ச்சல். அதனால் 'இங்கே வாத்து எதுவுமே செய்யாதா?' என்று நண்பகலில் வந்து அலுத்துக்கொள்வதில் பயனில்லை.

ஆனால் வீட்டைச் சுற்றியே நிறைய இருக்கிறது. முருங்கை மரத்துக்குள்ளிருந்து 'சக்... சக்...' என்று கல்லைத் தட்டுவது மாதிரி ஒரு சத்தம் காலை முழுக்க வந்தால், அது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி. ஆளைப் பார்க்கப் பொறுமை வேண்டும். பழுப்பு நிறம், புருவத்தில் ஒரு மெல்லிய கீற்று, வேறு அடையாளமே இல்லாத சாதாரணக் குருவி. ஒவ்வொரு பனிக்காலத்திலும் நம் தோட்டத்துக்கு வந்துபோகும் இதை ஆயுளில் ஒருமுறைகூடக் கவனிக்காதவர்கள்தான் அதிகம். தோப்பு இருந்தால் கொடிக்கால் வாலாட்டியைத் தேடுங்கள். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும். வெற்றிலைக் கொடிக்காலின் நிழலில் நடமாடுவதைப் பார்த்துத்தான் இந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்தவர் நன்றாகப் பறவை பார்த்தவராக இருக்க வேண்டும்.

நல்ல மழை, குளம் நிறைந்து கிடக்கிறது. பறவையை மட்டும் காணோமே?

டிசம்பரில் அதிகம் வரும் கேள்வி இது. குளம் நிறைந்திருப்பதுதான் காரணம்.

உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் எல்லாம் நீந்துகிற ஜாதி இல்லை. நடந்து, சேற்றில் அலகை விட்டுப் புழு எடுக்கிறவை. கொசு உள்ளானின் கால் உங்கள் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. கரை தளும்பும் குளத்தில் அது எங்கே நிற்கும்? வடகிழக்குப் பருவமழை முடிந்து, தை மாதம் மதகைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சப் பாய்ச்ச, தண்ணீர் பின்வாங்கி ஓரத்தில் சேறு வெளிப்படும். அப்போது போங்கள். சேறும் தண்ணீரும் சேரும் அந்த ஈர விளிம்பில்தான் எல்லாக் கூட்டமும் இருக்கும். பொரி உள்ளான், பச்சைக்காலி, பவளக்காலி, பட்டாணி உப்புக்கொத்தி என்று அலகு நீளத்துக்கும் கால் உயரத்துக்கும் தக்கபடி இடம் பிரித்துக்கொண்டு மேயும்.

நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் ஆழம் குறைந்த, பாசியும் கோரையும் உள்ள தண்ணீரைத் தேடும். ஆகவே ஒரே குளத்துக்கு நவம்பரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை போனால் மூன்று வேறு குளங்களைப் பார்த்த மாதிரி இருக்கும். ஒரே நாளில் பத்துக் குளம் ஓடுவதைவிட இது எனக்குப் பிடித்த வழி.

மழை பெருத்த வருஷத்தில் எங்கும் தண்ணீர் இருப்பதால் பறவைகள் பரவிவிடும், வழக்கமான இடத்தில் குறைவாகத் தெரியும். உடனே 'பறவைகள் வரத்து குறைந்தது' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

எந்த பைனாகுலர் வாங்கலாம்?

8x42. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர், காலை மங்கலிலும் வெளிச்சம் போதும். இன்னும் பெரிதாக வேண்டும் என்று இருபது மடங்கு வாங்கினால் கை நடுக்கத்தில் ஒன்றும் தெரியாது. வாங்கும்வரை நண்பரிடம் இரவல் வாங்குங்கள்.

அரிய பறவை என்று எதைச் சொல்கிறீர்கள்?

இடத்தையும் மாதத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் இதற்குப் பதில் உண்டு. வரித்தலை வாத்து ஜனவரியில் கூந்தன்குளத்தில் இருந்தால் வழக்கம், தென்காசியில் ஒரு சிறு ஊருணியில் இருந்தால் சேதி, ஜூலையில் எங்கே இருந்தாலும் பெரிய சேதி. சூறைக்குருவி பனிக்காலத்தில் நம் பக்கம் சாயங்காலம் கரும்புகை மாதிரி சுழன்று அடையும். சோளக்காட்டில் விழுவதால் சோளப்பட்சி என்றும் சொல்வார்கள். அதை அரிது என்றால் விவசாயி சிரிப்பார்.

இன்னொரு வகை, போகிற வழியில் எட்டிப்பார்ப்பவை. அமூர் வல்லூறு வடகிழக்கு ஆசியாவிலிருந்து கிளம்பி, நாகாலாந்தில் லட்சக்கணக்கில் கூடி, இந்தியாவைக் குறுக்கே கடந்து, அரபிக்கடலையும் தாண்டித் தென்னாப்பிரிக்காவரை போகிறது. நவம்பர், டிசம்பரில் அதில் ஒன்றிரண்டு தமிழ்நாட்டுக் கம்பியில் உட்கார்ந்து தும்பி பிடிக்கும். இரண்டு நாளில் போய்விடும். அப்படி ஒன்றைப் பார்க்கிற ஆள், தினமும் அந்தக் கம்பியைப் பார்க்கிறவராகத்தான் பெரும்பாலும் இருப்பார்.

அரிய பறவை ஒன்றைப் பார்த்துவிட்டதாகத் தோன்றுகிறது. முதலில் என்ன செய்வது?

போனை எடுக்காதீர்கள். புத்தகத்தையும் திறக்காதீர்கள். பறவை நிற்கும்வரை பறவையைப் பாருங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பறவை பார்க்க ஆரம்பித்த இரண்டாவது வருஷம், ஒரு குளத்தின் மேல் வட்டமிட்ட பழுப்புக் கழுகு ஒன்று. இறக்கையின் அடியில் வெளிறிய திட்டு. பார்த்து அரை நிமிஷத்தில் புத்தகத்தைப் புரட்டினேன். வடக்கத்திக் கழுகு ஒன்றின் படம் அச்சு அசல் அப்படியே இருந்தது. இருந்தது என்று நான் முடிவு செய்தேன் என்பதுதான் உண்மை. நாலு பேருக்குப் போன் போட்டேன். ஒருவர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு எழுபது கிலோமீட்டர் பைக்கில் வந்தார். அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல், 'தம்பி, வால் நுனி எப்படி இருக்கு பாருங்க' என்றார். உருண்டையாக இருந்தது. செம்பருந்தின் இளம்பறவை. தலை வெள்ளையும் உடல் செங்கல் நிறமுமாக ஆவதற்கு முன் அது முழுக்கப் பழுப்பாகத்தான் இருக்கும். அவருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தேன், வேறென்ன செய்வது.

ஆகவே வரிசை இதுதான். அளவு: எதைவிடப் பெரியது, எதைவிடச் சிறியது? 'மைனாவைவிடச் சின்னது, சிட்டுக்குருவியைவிடப் பெரியது' என்றாலே பாதி வேலை முடிந்தது. அலகு, கால், வால். கண்ணருகே பட்டை உண்டா? பறக்கும்போது இறக்கையிலும் இடுப்பிலும் வெள்ளை தெரிகிறதா? உள்ளான்களில் பல பறக்கும்போதுதான் தங்களைக் காட்டிக்கொடுக்கும். என்ன செய்துகொண்டிருந்தது, பக்கத்தில் எந்தப் பறவை நின்றது. இதையெல்லாம் அங்கேயே, பெயர் தெரியாமலே, நோட்டில் கிறுக்குங்கள். படம் வரையத் தெரியாதா? முட்டை மாதிரி ஓர் உடம்பு போட்டு அம்புக்குறி இழுத்து எழுதினால் போதும். பெயர் கண்டுபிடித்த பிறகு எழுதினால், பார்க்காததையும் பார்த்ததாக எழுதிவிடுவோம். நினைவு அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை.

கடைசியாக, 'இது சாதாரணப் பறவையாகவே இருந்தால் எதுவாக இருக்கும்?' என்று கேளுங்கள். வல்லூறு என்று நினைத்தது அக்காக்குயிலாக இருக்கலாம். வெள்ளைக் காகம் காகமாகவேதான் இருக்கும், நிறமி குறைந்த காகம்.

போட்டோ இல்லை. நம்புவார்களா?

நல்ல குறிப்பு இருந்தால் நம்புவார்கள். மங்கலான போட்டோவும் பயன்படும். புள்ளி மாதிரி தெரிகிறது என்று அழித்துவிடாதீர்கள், அந்தப் புள்ளியின் வால் வடிவத்தை வைத்தே இனம் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் கேட்டால் போனில் பதிவு செய்யுங்கள், அது போட்டோவுக்குச் சமானம்.

இ-பேர்டில் போட்டேன், விளக்கம் கேட்கிறார்கள். நான் பொய் சொல்கிறேன் என்கிறார்களா?

இல்லை. இ-பேர்டு என்பது அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கிய பதிவுத்தளம். இந்தியாவில் நாம் போடும் பட்டியல்கள் அதில்தான் சேர்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் எந்தப் பறவை, எத்தனை வரை எதிர்பார்க்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் கேள்வி தானாக எழும். பத்து உள்ளான் என்று போட நினைத்து நூறு என்று தட்டிவிட்டாலும் இதே கேள்விதான். அப்புறம் அந்தப் பகுதியை அறிந்த ஒரு தன்னார்வலர் பார்ப்பார். சம்பளம் கிடையாது, தன் ஞாயிற்றுக்கிழமையைச் செலவு செய்து உங்கள் பட்டியலைப் படிக்கிறார்.

அவர் ஏற்காவிட்டாலும் உங்கள் சொந்தப் பட்டியலில் அந்தப் பறவை இருக்கும். பொதுத் தரவில் மட்டும் சேராது. எனக்கும் இரண்டு மூன்று அப்படிக் கிடக்கின்றன. அதில் ஒன்று சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், ஆனால் நான் எழுதிய குறிப்பைத் திரும்பப் படித்தால் நானே ஏற்க மாட்டேன்.

இனம் உறுதியாகத் தெரியவில்லையா? 'உள்ளான் இனம்', 'பூனைப்பருந்து இனம்' என்று நிறுத்திக்கொள்ள வழி இருக்கிறது. தரிசில் தாழப் பறந்துபோன பெண் பூனைப்பருந்தை இன்னது என்று அடித்துச் சொல்ல அனுபவஸ்தர்களே யோசிப்பார்கள்.

மெர்லின் செயலி பெயர் சொல்லிவிட்டதே, போதாதா?

பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் போன் செயலி அது. துப்புக் கொடுக்கும், சாட்சி சொல்லாது. கரிச்சான் மற்ற பறவை மாதிரிக் கத்தும், செயலி ஏமாறும். அது சொன்ன பறவையை நீங்கள் கண்ணாலோ காதாலோ உறுதி செய்த பிறகு பட்டியலில் சேருங்கள்.

பார்த்த இடத்தை வாட்ஸாப் குழுவில் போடலாமா?

பறவையைப் பொறுத்தது. திறந்த குளத்தின் நடுவே நிற்கும் பூநாரைக் கூட்டத்தை ஊருக்கே சொல்லலாம், யாரும் கிட்டப் போக முடியாது. ஆனால் கூடு, ஆந்தை அடையும் இடம், தரையில் உட்காரும் பறவை, இவற்றின் லொகேஷனை நான் போடுவதில்லை. கேட்டாலும் சொல்வதில்லை. இதனால் சில நண்பர்களுக்கு என்மேல் வருத்தம் உண்டு.

காரணம் ஒரு குட்டைக்காது ஆந்தை. வடக்கிலிருந்து குளிருக்கு வருவது, மரத்தில் இல்லாமல் புல்லுக்குள் தரையில் அடைவது. ஒரு பனிக்காலம் எங்கள் பக்கத்துப் பொட்டல் ஒன்றில் இருந்ததைப் பார்த்து, ஆர்வக்கோளாறில் குழுவில் இடத்தோடு போட்டேன். மறுநாள் காலை ஆறு கார். முதல் ஆள் நெருங்கியதும் ஆந்தை எழும்பி அம்பது அடி தள்ளி இறங்கியது. அடுத்த ஆளுக்குப் படத்தில் முகம் கிடைக்கவில்லை, மறுபடி எழுப்பினார்கள். பகலில் தூங்க வேண்டிய பறவையை எத்தனை தடவை எழுப்பினார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன், பதினொன்றுக்கு மேல் எண்ணவில்லை. காக்கைகள் வேறு சேர்ந்துகொண்டு துரத்தின. மூன்றாம் நாள் ஆந்தை இல்லை. அந்தப் படங்களுக்கெல்லாம் நல்ல லைக்குகள் கிடைத்தன.

இப்போது என் வழக்கம்: பறவை ஊரைவிட்டுப் போனபிறகு பதிவு, அல்லது மாவட்டத்தின் பெயர் மட்டும். போட்டோவில் பின்னால் கோயில் கோபுரமோ செல்போன் டவரோ தெரிந்தால் வெட்டிவிடுவேன், கோபுரத்தை வைத்தே ஊரைச் சொல்லிவிடுவார்கள் நம்மவர்கள். கானமயில் போன்ற ஆபத்திலுள்ள இனங்களின் இடத்தை இ-பேர்டே மறைத்துவிடும், ஆகவே அங்கே பதிவதால் கெடுதல் இல்லை.

ஊர்க்காரர்களிடம் மட்டும் மறைக்காதீர்கள். அந்தக் குளத்தைக் காப்பவர்கள் அவர்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகவே பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை.

பறவையின் குரலைப் போனில் போட்டு அதை வரவழைக்கலாமா?

வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத் தீனியை விட்டுவிட்டு ஓடிவருகிறது அது.

பறவையின் காலில் வளையமோ கொடியோ தெரிந்தால்?

அன்றைக்கு உங்களுக்கு நரி முகம். பறவை எங்கே போய்வருகிறது என்று அறிய ஆய்வாளர்கள் மாட்டிவிட்ட அடையாளம் அது. வண்ணம், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, எழுத்து, எண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, முடிந்தவரை படம் எடுங்கள். கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிடும் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதினால், அது எங்கே எப்போது போட்ட வளையம் என்று தேடிச் சொல்வார்கள். மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் தென்பட்டிருக்கின்றன. யாரோ ஒருவர் பொறுமையாக எழுத்தைப் படித்ததால் தெரிந்த சங்கதி. படிப்பதற்காகப் பறவையைப் பிடிக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பல வண்ணக் குருவி ஒன்று வீட்டுக்குள் வந்து விழுந்துவிட்டது. என்ன செய்வது?

அக்டோபர் என்றால் அநேகமாக ஆறுமணிக்குருவி. காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். குட்டை வால், பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு. இமயமலை அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் இரவில் பறந்து வருகிறது, களைத்தும் விளக்கு வெளிச்சத்தில் தடுமாறியும் வீடுகளில் விழுந்துவிடுகிறது. காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து உள்ளே விட்டு, மூடி, சந்தடி இல்லாத அறையில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். சோறு வேண்டாம். பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டிவிட்டுப் பெட்டியை மூடிவிடுங்கள். சாயங்காலம் மரங்கள் அடர்ந்த இடத்தில் திறந்தால் பெரும்பாலும் தானே போய்விடும். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கணக்கெடுப்புகளில் புதிதாக வருகிறவர்கள் சேரலாமா?

தாராளமாக. பொங்கல் விடுமுறையில் நான்கு நாள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் இருக்கிறது. பதினைந்து நிமிஷம் ஓர் இடத்தில் நின்று, பார்த்தது கேட்டது எல்லாவற்றையும் பட்டியல் போட்டால் போதும், மொட்டைமாடியே தாராளம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் அனுபவசாலிகளோடு குழுவாக அனுப்புவார்கள், எண்ணக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. ஆயிரம் நீலச்சிறகியை ஒவ்வொன்றாக எண்ண மாட்டார்கள். பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, கூட்டத்தின் மேல் அதை நகர்த்திக்கொண்டே போவார்கள். முதல் நாள் எல்லாருமே குறைத்துத்தான் எண்ணுவோம்.

காக்கா, மைனா மட்டும்தான் பார்த்தேன். அதையும் பதிய வேண்டுமா?

ஆமாம், எண்ணிக்கையோடு. எல்லாரும் அரியதை மட்டும் பதிந்தால் அரியது நிறைய இருக்கிற மாதிரியும், மைனாவே இல்லாத மாதிரியும் கணக்கு வரும். சிட்டுக்குருவி குறைந்ததா இல்லையா என்று இத்தனை வருஷம் சண்டை போடுவதற்குக் காரணம், இருந்தபோது அதை யாரும் எண்ணி எழுதிவைக்காததுதான்.

எப்போது கிளம்பிப் போகும்?

மார்ச்சில் உப்பளத்துக்குப் போனால் தெரியும். சாம்பலாக இருந்த வளைமூக்கு உள்ளான்களில் சில, செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். அது ஊருக்குப் போகும் உடுப்பு. வயிறு நிறையத் தின்று கொழுத்திருக்கும். ஏப்ரல் கடைசிக்குள் பெரும்பாலும் காலி. இளசுகள் கொஞ்சம் கோடையிலும் தங்கிவிடும்.

முதலில் வந்த நாளை எல்லாரும் குறித்துவைத்துக்கொள்கிறார்கள், கடைசியாகப் பார்த்த நாள்தான் யாரிடமும் இருப்பதில்லை. அன்று பார்க்கும்போது இதுதான் கடைசி என்று தெரியாதே. என் வீட்டு வேலியில் ஐந்து பனிக்காலமாக ஒரு பழுப்புக் கீச்சான் வந்து உட்காருகிறது. ஒரே பறவைதான் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் உட்காருவது அதே கருவைக் குச்சியில். அது வந்த தேதி ஐந்து வருஷத்துக்கும் இருக்கிறது, போன தேதி இரண்டு வருஷத்துக்குத்தான். அதனால் இப்போதெல்லாம் பங்குனி பிறந்ததும் 'கீச்சான் உண்டு', 'கீச்சான் உண்டு' என்று தினமும் காலண்டர் தாளில் எழுதிவிடுகிறேன்.